கடைசிக் குச்சி பற்றியதா?

அலி அஸ்கருக்குக் காலை ஆட்டாமல் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது ஆட்டுவான், பஸ்ஸில் ஆட்டுவான், பள்ளிவாசலில் பயான் கேட்கும்போதும் ஆட்டுவான். பக்கத்தில் இருக்கும் பெரியவர் தொடையில் கை வைத்து அமுக்கினால்தான் நிறுத்துவான். பெண் பார்க்கப் போன இடத்திலும் ஆட்டித் தொலைத்தான். "மாப்பிள்ளைக்கு நரம்புல ஏதும் கோளாறா?" என்று பெண் வீட்டார் ஆள் விட்டுக் கேட்டார்கள். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை. அவனுக்குள்ளே ஒரு பாட்டு பாதியில் நின்றுபோயிருந்தது. பாதியில் நின்ற பாட்டு மனுஷனை உட்கார விடாது.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ரெக்கார்டிங் கடையில் அவனுக்கு வேலை. இன்னின்ன பாட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனால் காலி கேஸட்டில் பதிந்து வைப்பான். கேஸட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். பாட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? எப்படி அடுக்கினாலும் கடைசிப் பாட்டின் வால் அறுந்துவிடும். "சரணத்துல நின்னுட்டே" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், "நாடா முடிஞ்சிட்டு, நான் என்ன செய்ய? மீதிய வீட்ல போயி நீங்களே பாடிக்கிடுங்க அண்ணாச்சி" என்பான். ஊரார் பாட்டுக்கெல்லாம் வாலை அறுத்தவனுக்கு ஒரு வாலறுந்த பாட்டு வந்து வாய்த்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா.

அந்தப் பாட்டு வந்தது குவைத்திலிருந்து. அஸ்கரின் அண்ணன் முகம்மது மைதீன் அங்கே ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். அந்த நாளில் அவர்கள் ஊரான மேலப்பாளையத்தில் கடிதம் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் அதிகம். கேஸட்டில் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்டால், வீட்டில் எல்லாரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பதிலுக்கு இங்கிருந்து உம்மாமார் ஒரு பக்கம் பேசி, மறுபக்கம் அழுது அனுப்புவார்கள். தொண்ணூறாம் வருஷம் மைதீன் அனுப்பிய கேஸட் அவசரத்தில் பேசியது. ஊருக்கு வருகிறவர் பெட்டி கட்டிவிட்டார், கையில் காலி கேஸட் இல்லை. அறையில் கூட இருந்த கோவாக்காரரின் இங்கிலீஷ் பாட்டுக் கேஸட் ஒன்று கிடந்தது. அழிந்துவிடக் கூடாதென்று அவர் மேல் ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டை ஒடித்து வைத்திருந்தார். மைதீன் அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் மேலேயே பேசிவிட்டான்.

அதே வருஷம் ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. மேலப்பாளையத்துப் பிள்ளைகள் பாலைவனம் தாண்டி, கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி, ஒட்டி உலர்ந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மைதீன் மட்டும் வரவில்லை. எல்லையில் பார்த்தேன் என்றார் ஒருவர். அது வேறு மைதீன் என்றார் இன்னொருவர். எழுதிப் போட்ட மனுக்களுக்கெல்லாம் தகவல் இல்லை என்பதே தகவலாக வந்தது. கவலையிலேயே வாப்பா போய்ச் சேர்ந்தார். உம்மா ஷரீபா பீவி மட்டும் அசையவில்லை. வீட்டில் மைதீன் பெயரோடு மௌத்து, மரணம் என்ற வார்த்தைகளை யாரும் சேர்த்துச் சொல்லக் கூடாது. ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர், "அவனுக்கு ஒரு யாசீன் ஓதிருவோமா" என்று வாயெடுத்தார். இறந்துபோனவர்களுக்கு ஓதுவது அது. உம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்த தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து, "எம் மவன் ஊர்ல இல்லன்னுதான் சொன்னேன், உலகத்துல இல்லன்னா சொன்னேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்து அஸ்கர் வீட்டுக்கு வந்ததும் உம்மா, "போடுலே" என்பாள். அவன் நாடாவைப் பின்னுக்குச் சுற்றுவான். மைதீன் பேசும் இடத்தில் சரியாக நிறுத்த முடியாது, எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு வாரமும் முதலில் அந்தப் பாட்டு. இருட்டறை, நனைந்துபோன தீப்பெட்டி, ஒருத்தன் ஒவ்வொரு குச்சியாக உரசுகிறான். குச்சிக்கு ஒரு வரி. வரிக்கு வரி கிதார் கம்பியைக் குச்சி உரசுகிற மாதிரியே சரக்கென்று இழுப்பான். ஒன்றும் பற்றாது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, இதுதான் கடைசிக் குச்சி என்று பாடுவான். சரக். உடனே டக்கென்று பட்டன் அமுங்கும் சத்தம். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் மைதீன் பேசுதேன்."

பாட்டு தொடங்கும்போதே உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு நேராக உட்காருவாள். கடைசிச் 'சரக்' கேட்டதும் உதட்டைத் தயாராக வைத்துக்கொள்வாள். மகன் சலாம் சொன்ன கையோடு, "வ அலைக்குமுஸ்ஸலாம் வாப்பா" என்று டேப் ரிக்கார்டருக்குப் பதில் சொல்லுவாள். ஒன்பது வருஷமாக ஒரு வாரம் தப்பியதில்லை. இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாதவளுக்கு அந்த ராகம் மனப்பாடம். அஸ்கர் கடையில் அந்தக் கேஸட்டுக்கு நல்ல நகல் ஒன்று பதிந்து வந்து கொடுத்தான். அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "அவன் கை பட்டது இதுதானேல" என்றாள்.

இப்போது அஸ்கரின் கோளாறுக்கு வருவோம். வாரா வாரம் எல்லாரும் அண்ணன் குரலுக்காகக் காத்திருக்க, அவன் மட்டும் அந்தக் குச்சிக்காகக் காத்திருந்தான். பற்றியதா, இல்லையா? அண்ணன் செருமும் சத்தத்துக்கு அடியில் அந்தப் பாட்டின் மீதி புதைந்து கிடந்தது. அண்ணன் கொஞ்சம் பொறுத்துப் பேச்சைத் தொடங்கியிருக்கக் கூடாதா என்று நினைப்பான். நினைத்ததும் உடம்பு கூசும். காணாமல் போன அண்ணன் பேசுகிறான், இவனுக்குப் பாட்டு முடியவில்லையாம்! சீ என்று தன்னையே திட்டிக்கொள்வான். திட்டினால் அரிப்பு போகுமா? கடையில், பஸ்ஸில், தண்ணீர் மொள்ளும்போது, எங்கேயும் அந்தச் 'சரக்' வந்து நிற்கும். அதற்கு மேல் போகாது. குட்டி போட்ட பூனை மாதிரி அலைவான்.

தொண்ணூற்றொன்பதில் அவன் கடைக்கு மேல் மாடியில் ராமசுப்பு பிரவுசிங் சென்டர் திறந்தான். கல்லிடைக்குறிச்சிக்காரன், அஸ்கரின் வயது, பேங்கு பரீட்சையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு, அப்பாவின் ஏச்சுக்குத் தப்பி ஜங்ஷனுக்கு வந்தவன். இருவரும் சேக்காளிகள். அஸ்கர் அவனுக்குப் பாட்டு பதிந்து கொடுப்பான், அவன் அஸ்கரைக் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார விடுவான். ஒரு நாள் அஸ்கர் காதில் தேறிய நாலு இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்ல, ராமசுப்பு அடித்துத் தேட, லைன் அறுந்து அறுந்து வந்த கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. டோபி கிரெடக். இரண்டே இசைத்தட்டு போட்டுவிட்டு எழுபதுகளிலேயே கிதாரை மூட்டை கட்டிக்கொண்டு காணாமல் போன வெள்ளைக்காரர். தட்டுகளும் கடையில் கிடைக்காது. உலகம் பூராவும் கூட்டினாலும் ஒரு டவுன் பஸ்ஸுக்குக் காணாத ரசிகர்கள். ஆனால் அந்த பஸ்ஸுக்குள் இரைச்சல் தாங்காது. அவர்கள் ஒரு மின்னஞ்சல் குழு வைத்து ஒருவரை ஒருவர் நாள் முழுக்கக் கேலி பேசி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நனைந்த தீப்பெட்டி பாட்டில் கடைசிக் குச்சி பற்றியதா? தயவுசெய்து சொல்லுங்கள்" என்று அஸ்கர் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாக எழுதிக் கேட்டான். வந்த பதில்களை ராமசுப்பு சத்தமாகப் படித்தான். படிக்கும்போதே நெல்லைத் தமிழாக்கிவிடுவது அவன் வழக்கம். அவன் வாயில் விழுந்தால் வெள்ளைக்காரனும் ஜங்ஷனில் டீ குடித்தவன்தான்.

இங்கிலாந்தில் பஸ் ஓட்டுகிற கிளென் முதலில் எழுதியிருந்தான். "பத்திச்சுவே. ஆனா அவன் பத்த வச்சது குச்சிய இல்ல, மீசைய."

நார்வேயில் பல் டாக்டராக இருக்கும் இங்கிரித் என்ற அம்மாள் குறுக்கே விழுந்தாள். "டிரைவரு சொல்லுதத நம்பாதீரும். குச்சி பத்தல. அடுத்த வீட்டுக்காரி வந்து, சவத்து மூதி, சுவிச்சப் போடுலேன்னா. அதோட பாட்டு முடிஞ்சிட்டு."

அமெரிக்காவில் பண்ணை வைத்திருக்கும் டக் கடைசியாக வந்தான். "ரெண்டு பேரும் பொய்யி. சட்டப் பையில இன்னொரு தீப்பெட்டி வச்சிருக்கான். அடுத்த தட்டுல அதத்தான் உரசப் போறான். அதுக்குத்தானே இருவத்தஞ்சு வருசமா இங்கன தவங் கெடக்கோம்."

அந்தக் குழுவின் சட்டமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டின் முடிவை யாரும் சொல்லக் கூடாது. பொய் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். தட்டைத் தேடிப் பிடித்துத் தானே கேட்டால்தான் உள்ளாள். அஸ்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னவே இது, சின்னப் பிள்ளைய கண்ணக் கட்டி விளையாடுத மாதிரி விளையாடுதானுவ" என்றான்.

"நீரும் விளையாடும்" என்றான் ராமசுப்பு. "அழுதா இன்னும் ஓட்டுவானுவ."

அஸ்கர் எழுதினான். "எங்கள் ஊரில் மழையில் தீக்குச்சி நமுத்துப்போனால் தலைமுடிக்குள் விட்டு நாலு தேய் தேய்ப்போம், காய்ந்துவிடும். உங்கள் ஆளுக்கு அதுகூடத் தெரியாதா? இல்லை, வழுக்கையா?"

குழு கலகலத்துப் போயிற்று. பஸ் டிரைவர் கிளென் இசைத்தட்டு உறையை வெயிலில் பிடித்துப் பார்த்து, வழுக்கை இல்லை, தொப்பி என்றான். இங்கிரித் தன் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வழுக்கையரிடம் குச்சியைத் தேய்க்கலாமா என்று கேட்டதாகவும், அவர் பல்லைப் பிடுங்காமலே எழுந்து போய்விட்டதாகவும் எழுதினாள். அடுத்த நாள் அஸ்கர் ஒரு படி மேலே போனான். "நான் கிரெடக்கைப் பாபநாசம் அருவியில் பார்த்தேன். தலையில் அரைப்படி எண்ணெய் வைத்துக் குளிக்கிறார். தலையெல்லாம் எண்ணெய் என்றால் குச்சி எப்படிக் காயும்?" என்று எழுதினான். அதிலிருந்து எல்லாரும் அவனை 'எண்ணெய்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மேலப்பாளையத்தில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் கிடையாது. அஸ்கருக்கு நார்வேயிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தது.

சிரிக்கும் வரை நன்றாகத்தான் இருக்கும். மாடிப்படி இறங்கினால் மறுபடி 'சரக்'. காலி வயிற்றில் வெற்றிலை போட்ட மாதிரி ஒரு எரிச்சல். அவர்கள் தெரிந்துகொண்டு விளையாடுகிறார்கள், நான் தெரியாமல் விளையாடுகிறேன் என்று அவனுக்குப் படும். அன்றைக்கு எந்தக் கேஸட்டையும் ஒழுங்காகப் பதியமாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது டேப் ரிக்கார்டர் நாடாவைத் தின்ன ஆரம்பித்தது. அஸ்கர் பாய்ந்து நிறுத்தி, பைய எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றினான். திரும்பப் போட்டால் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சரியாக அந்தக் கடைசி 'சரக்' இருந்த இடத்தில் நாடா கசங்கி, அது ஒரு தவளை கத்துவது மாதிரி ஆகிவிட்டது. உம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "இனிமே நீ தொடாதல" என்றாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் குழுவுக்கு ஒரு வெட்கமும் இல்லாமல் உண்மையை எழுதினான். எனக்கு இது விளையாட்டு இல்லை, உங்கள் பாட்டு நிற்கிற இடத்தில் என் அண்ணன் பேசுகிறான், ஒன்பது வருஷமாக அவனைப் பற்றித் தகவல் இல்லை, எங்கள் வீட்டில் அந்தப் பாட்டும் முடியவில்லை, அவனும் முடியவில்லை என்று எழுதி, பிழைகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டான்.

மறுநாள் குழுவிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது முறை கத்துகிறவர்கள் தும்மக்கூட இல்லை.

"கல்யாண வீட்ல போயி ஒப்பாரி வச்சிட்டீரே வே" என்றான் ராமசுப்பு. சொல்லிவிட்டு, அஸ்கரின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே என்னவோ ஆகி, அஸ்கருக்கு ஒரு டீ சொன்னான்.

அந்த வார முடிவில் கிளென் தனியாக ஒரு கடிதம் எழுதினான். அதில் கேலியே இல்லை. ராமசுப்பு அதை இங்கிலீஷிலேயே படித்தான், தமிழாக்க வாய் வரவில்லை. தன்னிடம் தட்டு இருக்கிறது, பதிந்து தபாலில் அனுப்பினால் வந்துசேர எத்தனை நாளோ, போன் நம்பர் கொடு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, ரிசீவரைத் தட்டின் பக்கத்தில் வைக்கிறேன், முழுப் பாட்டையும் கேட்டுக்கொள், சட்டத்தை மீறியதற்குக் குழு என்னை வைதால் வையட்டும் என்று எழுதியிருந்தான்.

அஸ்கர் வீட்டில் போன் கிடையாது. அடுத்த வீட்டு மஹ்மூதா பீவியின் போன்தான் தெருவுக்கே போன். விசா மனுவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாரும் அந்த நம்பரைப் போட்டு, அடுத்த வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். அதைத்தான் அஸ்கரும் கொடுத்தான். உங்கள் ஊரில் பகல் ஒரு மணிக்குக் கூப்பிடு என்று எழுதினான். கணக்குப் போட்டால் இங்கே பொழுதடைகிற மஃரிப் நேரம். கடையிலிருந்து சீக்கிரம் வந்து, மஹ்மூதா மாமியின் டேப் ரிக்கார்டருக்கு ஹெட் துடைத்துத் தருகிறேன் என்ற சாக்கில் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளிநாட்டு போன் வரப் போகிறது என்று மூச்சு விட்டால் போதும், தெருவே கூடிவிடும். உம்மா காதுக்கும் போய்விடும்.

குவைத்தில் இப்போது மணி என்ன, ஜித்தாவில் என்ன என்று கேட்டால் மேலப்பாளையத்தில் பால்குடிப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும். ஆனால் வெயில் காலம் வந்தால் இங்கிலாந்துக்காரர்கள் ஊர் பூராவும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருகி வைத்துவிடுவார்கள் என்று இங்கே யாருக்குத் தெரியும்? அரபு நாட்டில் அப்படி ஒரு கூத்து கிடையாது. அஸ்கருக்கும் தெரியாது. ராமசுப்புவுக்கும் தெரியாது, பேங்கு பரீட்சையில் அதைக் கேட்கவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக, அஸர் தொழுகை முடிந்த பொழுதிலேயே மஹ்மூதா பீவி வீட்டு போன் அடித்துவிட்டது. எடுத்தால் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து இங்கிலீஷ்காரன் ஒருத்தன் அஸ்கர், அஸ்கர் என்றான். மஹ்மூதா பீவிக்குத் தெரிந்து வெளிநாட்டிலிருந்து அஸ்கர் வீட்டைத் தேடி வர ஒரே ஒரு போன்தான் பாக்கி. ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "ஏ ஷரீபா! வெளிநாட்டு போனு! ஓடியா!" என்று கத்தினாள். ஷரீபா பீவி மடியில் இருந்த பீடி இலையெல்லாம் சிதற எழுந்து ஓடினாள். செருப்பு போடவில்லை. காலை இழுத்து இழுத்து நடக்கிற அவள் அன்று ஓடியதைத் தெரு முழுக்கப் பார்த்தது.

போன் அடிக்கக் கொஞ்ச நேரம் முன்னால் அஸ்கர் கொக்கிரகுளம் பாலத்து மேல் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். கீழே ஆற்றில் வெயில் தாழக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் கால் நிற்கவில்லை. பக்கத்து ஆள், "தம்பி, பஸ்ஸே ஆடுது" என்றார்.

தெருமுனையில் இறங்கினால், மஹ்மூதா மாமி வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். பாத்து என்கிற எதிர்வீட்டுப் பெண் அவனைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஓடியாலே அஸ்கரு! ஒங்க காக்கா பேசுதான்! மைதீன் போன்ல வந்திருக்கான்!"

அவனுக்குக் கிளென் நினைவே வரவில்லை. அண்ணன்தான், காக்காதான் என்று ஓடினான். வாசலில் யாரோ மேல் மோதி, நிலைப்படியில் கால் இடறி உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உம்மா ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். முக்காடு ஒழுங்காக இழுத்து விட்டிருந்தது. ரிசீவரிலிருந்து கொசு பாடுவது போல அந்த ராகம் கசிந்தது. இரைச்சலில் ஆள் தெரியாமல், எடுத்தது அஸ்கர்தான் என்று கிளென் தட்டை ஓட விட்டிருக்க வேண்டும். மூன்றாவது குச்சியா, நாலாவது குச்சியா?

"உம்மா" என்றான்.

"சத்தங் காட்டாத" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "பாட்டுப் போட்டிருக்கான். இது முடிஞ்சதும் பேசுவான்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். என்ன சொல்ல? இது அவனில்லை, எனக்காக ஒருத்தன் வைக்கிற தட்டு என்றா? அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அந்த முகத்துக்கு நேராகவா? இன்னொரு கேவலமும் கூடவே ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தால் குச்சி பற்றியதா என்று இப்போதே தெரிந்துவிடும். ஒன்பது வருஷ அரிப்பு, கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கை உண்மையிலேயே முன்னால் போயிற்று. உம்மா அந்தக் கையை, ஆறுதல் என்று நினைத்தோ என்னவோ, தன் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் பீடித்தூள் ஒட்டியிருந்தது.

கடைசிக் குச்சியின் 'சரக்' அவனுக்கே கேட்டது. கசங்காத, சுத்தமான சத்தம்.

"வ அலைக்கு..." என்று உம்மா ஆரம்பித்தாள்.

சலாம் வரவில்லை. டக்கென்ற பட்டன் சத்தம் இல்லை, செருமல் இல்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. உம்மாவின் உதடு திறந்தபடி நின்றது. அப்படியே நின்று கேட்டாள். அவன் கையைப் பிடித்த பிடி முதலில் இறுகிற்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கூட்டத்தில் யாரோ, "என்னளா சொல்லுதான்?" என்றதற்கு மஹ்மூதா மாமி அவள் வாயைப் பொத்தினாள். அஸ்கர் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு அந்த முகத்துக்குள்ளே முடிவு வரை நடந்து போனதைப் பார்த்தான். அவனுக்கு ஒரு வரி கேட்கவில்லை. கால் ஆடவும் இல்லை.

அவள் ரிசீவரை அவனிடம் நீட்டினாள். "முடிஞ்சிட்டு" என்றாள்.

அந்தப் பக்கம் கிளென் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டாயா எண்ணெய்? முழுசாகக் கேட்டாயா? இப்போது நீ உள்ளாள், இனிமேல் யாருக்கும் சொல்லக் கூடாது. அஸ்கர் கேட்டேன் என்றான். ரொம்ப நன்றி என்றான். வைத்துவிட்டான்.

பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். மைதீன் எங்கே இருக்கானாம், எப்ப வாரானாம்? உம்மாவே பதில் சொன்னாள். "மைதீன் இல்ல. அது பாட்டு." சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அஸ்கர் எல்லாவற்றையும் சொன்னான். கம்ப்யூட்டர், பஸ் டிரைவர், குச்சி, எண்ணெய், எல்லாம். "ஒன்ன ஏமாத்தணும்னு இல்லம்மா. எனக்கு மீதிப் பாட்டு வேணும்னு இருந்துச்சு. கோட்டிக்காரப் பய நான்." அவள் கீழே குனிந்து சிதறிய இலைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தான்.

"நானும் இத்தன நாளு அந்தச் சத்தத்துக்குப் பொறவு அவந்தான் பேசுவான்னு இருந்தேன்" என்றாள். "அதுக்குப் பொறவும் பாட்டு இருக்குல்லாலே. எனக்கு யாரும் சொல்லலியே."

கொஞ்ச நேரம் கழித்து, இலையை வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "நாளைக்குப் பள்ளிவாசல் ஆலிம்சாவக் கூட்டிட்டு வா. மைதீனுக்கு ஒரு யாசீன் ஓதணும்."

ஓதினார்கள். தெருவுக்கெல்லாம் நெய்ச்சோறு கொடுத்தார்கள். ராமசுப்பு கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளக் கட்டோடு வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே ஓரமாக நின்றான். கோபித்துக்கொண்டு போன அந்தச் சொந்தக்காரரும் வந்திருந்தார்.

குழுவில் இப்போதும் புதிதாக யாராவது வந்து, கடைசிக் குச்சி பற்றியதா என்று கேட்பார்கள். எல்லாரையும் விட அடுக்கடுக்காகப் பொய் சொல்லுகிறவன் அஸ்கர்தான். அவனுக்கு என்ன கஷ்டம்? உண்மை தெரிந்தவர்கள் யோசித்துப் பொய் சொல்ல வேண்டும். கிளென் பதிந்து அனுப்பட்டுமா என்று ஒருமுறை கேட்டான். வேண்டாம் என்று அஸ்கர் எழுதிவிட்டான். ஏன் என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உம்மாவிடமும் கேட்கவில்லை. மகன் பேசாமல் போன நேரத்தில் அவள் கேட்ட பாட்டு அது. அதில் குச்சி பற்றியதா என்று எந்த வாயால் கேட்பது?

மழை தொடங்கிய ஒரு பகலில், கரண்டு போய்க் கடையை அடைத்துவிட்டு வழக்கத்தைவிட முன்னால் வீட்டுக்கு வந்தான். உம்மா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் ஓட, கூடவே மூக்கால் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அந்த ராகம்தான். அஸ்கர் செருப்பைக் கழற்றிய காலோடு வாசலிலேயே நின்றான். முதல் குச்சி, அடுத்த குச்சி என்று வரிசையாக வந்தது. கடைசிக் குச்சிக்குக் குரலைத் தாழ்த்தினாள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, 'சரக்' என்றாள்.

அங்கே நிறுத்தினாள். சுற்றுகிற விரலும் நின்றது. ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு சலாம் சொல்லி முடிக்கிற அளவு நேரம் சும்மா இருந்தாள்.

பிறகு நூலை எடுத்துப் பீடியைக் கட்டிக்கொண்டே, மீதிப் பாட்டை முனக ஆரம்பித்தாள். அவன் வாசலில் அசையாமல் நின்று, அது முடியும் வரை கேட்டான்.